அரசாங்கம் அடிக்காத காசு

பழைய காசு விற்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: வாங்க வருகிறவன் ஏமாறத் தயாராக வருகிறான், விற்க உட்கார்ந்திருப்பவன் ஏற்கெனவே ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரே நாற்காலியில் இரண்டாகவும் இருந்தவன். தபால்தலை, தீப்பெட்டிப் படம், ஓடாத கடிகாரம் என்று எதையாவது சேர்த்துவைத்து வீட்டில் தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒன்றும் புதிதில்லை.

தெரியாத காசு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் கனடாவின் மொன்றியலுக்கு வந்தேன். சொந்த ஊர் மதுரை, படிப்பு உலோகவியல், துறைமுகத்துக்குக் கிழக்கே ஓர் உலோக ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை. வந்த முதல் குளிர்காலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறபோது காது விறைத்துப்போய், கதகதப்புக்காக ஒரு கடைக்குள் நுழைந்தேன். அது பழைய நாணயக் கடை. கண்ணாடிக்குள் ஒரு தங்கக் காசு. கலிபோர்னியாவில் அடித்தது, பத்து டாலர். ஆனால் அடித்தது அரசாங்கம் இல்லை. தங்கம் கிடைத்த புதிதில் அந்தப் பக்கம் கையெல்லாம் தங்கத் தூள், கடையில் கொடுக்கச் சில்லறை இல்லை. சர்க்காரின் நாணயச் சாலையோ கண்டத்தின் மறுகோடியில். தட்டார்களும் தங்கம் சோதிப்பவர்களும் பார்த்தார்கள்; தாங்களே காசு அடித்து, தங்கள் கடைப் பெயரையே அதில் பொறித்துப் புழக்கத்தில் விட்டுவிட்டார்கள். பிறகு அங்கேயே சர்க்கார் நாணயச் சாலை வந்ததும் ஜனங்கள் அவற்றைக் கொண்டுபோய் உருக்கக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம். கொஞ்சமாக மிஞ்சியதாலேயே போலிகள் ஏராளம்.

எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்துப்போயிற்று. ராஜா தலையும் இல்லாமல் சிங்கமும் இல்லாமல், நம்மூர் பாத்திரக் கடைக்காரர் குடத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி ஒருவன் தங்கத்தில் தன் பெயரை வெட்டியிருக்கிறான்! கடைக்காரர் லூசியேன், அறுபது வயது கியூபெக்காரர், கோட்டுக்குள் இன்னொரு கோட்டு போட்டவர். செத்துப்போன யாரோ ஒருவரின் பெட்டியோடு வந்த காசு அது என்றார். ஒரு குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் நான் கடையில் நிற்பது, பதிலுக்குக் காசு எனக்கு என்று முடிவாயிற்று. கைகுலுக்கிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, இது அசல்தானே என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அசல் என்று தெரிந்தால் உன்னால் வாங்க முடியாது. போலி என்று தெரிந்தால் நான் விற்க மாட்டேன். தெரியாததால்தான் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம்."

சட்டைக் காலர்

குளிர்காலம் போன பிறகும் சனிக்கிழமை உத்தியோகம் போகவில்லை. லூசியேனுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருந்தது, எனக்கோ விளக்கம் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஒரு நாள் பக்கத்து ஊரான லவாலிலிருந்து ஒருவர் தாத்தா காலத்துப் பவுன் ஒன்றைப் பற்பசை போட்டுத் தேய்த்து, புதுக் குண்டூசி மாதிரி பளபளவென்று கொண்டுவந்தார். பிடித்துக்கொண்டேன். நூறு வருஷத்து நிறம் என்றால் என்ன, அது எப்படி வருகிறது, அதைச் சுரண்டுகிறவனை என்ன செய்யலாம் என்று கால் மணி நேரம். அந்த மனுஷன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மாதா கோயிலில் நிற்கிற மாதிரி நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அதே உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்தால், என் மனைவி விசாலம் சமையலறைத் தொட்டியில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் கரைத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்துத் தட்டில் என் கலிபோர்னியாக் காசு. இன்னும் முக்கவில்லை. "தங்கத்தை இப்படியா கரிக்கட்டையா வெச்சுப்பாங்க? நாளைக்குச் சாமிகிட்ட வெக்கலாம்னு பாத்தேன்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். அழுக்குத்தான் மதிப்பு, கழுவினால் போச்சு என்று அவளுக்கும் ஒரு கால் மணி நேரம் விளக்கினேன். அவள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை. "அழுக்கா இருந்தாத்தான் மதிப்புன்னா, முதல்ல உங்க சட்டைக் காலரைக் கொண்டுபோய் வித்துட்டு வாங்க."

அவருக்குத் தெரியாது

கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். கணவர் போன மாதம் இறந்துவிட்டார். அவர் முப்பது வருஷமாகப் பூட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காசு என்று கைக்குட்டையைப் பிரித்தார். பார்த்ததும் பூதக்கண்ணாடியைத் தேடினேன். என் காசின் சகோதரன்! அதே ஊர், அதே பெயர். பூதக்கண்ணாடியை வைத்த அரை நிமிஷத்தில் சகோதரன் செத்தான். முலாம் பூசிய பித்தளை. சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற விளையாட்டுச் சாமான்.

இப்படிப்பட்ட சமாசாரத்தைப் பக்குவமாகச் சொல்ல ஒரு வழி இருக்கும். எனக்கு அது தெரியாது. பித்தளையின் இயல்புகள், முலாம் எப்படி உரிகிறது, போலி செய்தவன் எந்த எழுத்தில் கோட்டைவிட்டான் என்று வரிசையாக ஒப்பித்தேன். லூசியேன் பின்னாலிருந்து என் காலை மிதித்தது எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மாள் காசைத் திரும்ப வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, ஒன்றே ஒன்று கேட்டார்: "இது அவருக்குக் கடைசிவரை தெரியாது, இல்லையா? அப்படியானால் சரி."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. என் காசு பித்தளை இல்லை, தங்கம்தான். அது கையில் எடுத்தாலே தெரியும். ஆனால் எப்போது அடித்த தங்கம்? கலிபோர்னியாத் தட்டார் அடித்ததா, ஐம்பது வருஷம் கழித்து எவனோ ஒரு கெட்டிக்காரன் அடித்ததா? அந்த அம்மாளின் புருஷன் மாதிரி தெரியாமல் போய்ச்சேருகிற பாக்கியம் எனக்கு வேண்டாம். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூன்று தசம இடம்

எங்கள் சோதனைக் கூடத்தில் எடை பார்க்கிற தராசு ஒன்று உண்டு, மூச்சு விட்டால் முள் ஆடும். காசைக் காற்றில் ஒரு தரம், தண்ணீரில் ஒரு தரம் நிறுத்து அடர்த்தி கண்டுபிடித்தேன். மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஒரு வாரம் முழுக்க இதே வேலை. வந்த எண் வெள்ளி கலந்த தங்கத்துக்கும் பொருந்தியது, அளவை லேசாக மாற்றினால் செம்பு கலந்த தங்கத்துக்கும் பொருந்தியது. மற்ற சோதனைகள் எல்லாம் காசைக் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் பதில் சொல்லும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. நான் நிரப்பிய ஆறு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, எங்கள் கூடத்தின் தலைவரான ஸ்காட்லாந்துக்காரர் சொன்னார்: "போன வாரம் உமக்குத் தோராயமாகத் தெரியாமல் இருந்தது. இப்போது மூன்று தசம இடம் வரை துல்லியமாகத் தெரியாமல் இருக்கிறது."

ஓட்டல் நிபுணர்

நகரத்தில் ஓர் ஓட்டலில் நாணயக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து இந்த மாதிரிக் காசுகளுக்கென்றே பேர்போன ஒருவர் வந்திருந்தார். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மகளைக் கொண்டுவந்து நிறுத்துகிற அப்பனைப்போல் காசை மேஜையில் வைத்தேன். திருப்பினார், சாய்த்தார், நகத்தால் சுண்டிக் காதருகே வைத்தார். அப்புறம் பெருமூச்சு.

"மண்ணிலிருந்து எடுத்த கலிபோர்னியாத் தங்கத்தில் இயற்கையாகவே வெள்ளி கலந்திருக்கும், அந்த ஆட்கள் அதை அப்படியே அடித்தார்கள். பின்னால் போலி செய்தவன் நகைக்கடைத் தங்கம் வாங்கினான். அதில் செம்பு. ஓரத்தில் துளி நறுக்கி வெங்கார உப்பைத் தூவி உருக்கிப் பாரும். உருகிய வெங்காரம் பச்சை பிடித்தால் செம்பு. தெளிவாகவே நின்றால் உமக்கு அதிர்ஷ்டம்" என்றார். இது எனக்குத் தெரியாதா? நம்மூர் ஆசாரி வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஓரம் நறுக்கின காசு அப்புறம் காசே இல்லை, வெறும் துண்டு. வேறு வழியே இல்லையா என்று கெஞ்சினேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரை அழைத்துக்கொண்டே சொன்னார்: "உண்மை வேண்டுமா, காசு வேண்டுமா? வீட்டுக்குப் போய் மனைவியோடு கலந்து பேசும்."

கலந்து பேசினேன். விசாலம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஜாதகம்

அப்போது மொன்றியலில் தமிழர்கள் சொற்பம். பொங்கலுக்கு ஒரு டாக்டர் வீட்டில் கூடினால் பேராசிரியர், எஞ்சினியர், டாக்டர் என்று எல்லாரும் ஒரே கூடத்தில் அடங்கிவிடுவோம். எனக்கு என்ன வியாதி என்றால், அந்தக் காசைச் சின்னக் காகித உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிவேன். யாராவது "என்ன சார், சௌக்கியமா?" என்றால் போதும், உறை வெளியே வந்துவிடும். கலிபோர்னியா, தங்கத் தூள், தட்டார், வெள்ளியா செம்பா என்று ஆரம்பித்தால் வடை ஆறிப்போகும். அவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பவுன் தேறும்?"

ஒரு பொங்கலுக்கு அந்த டாக்டர் என்னைப் பாதியில் நிறுத்தினார். எட்டு வருஷமாக எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தவர், அந்த உரிமை அவருக்கு உண்டு. "சர்க்கார் முத்திரை இல்லே, மாத்து தெரியாது, அசலான்னு உங்களுக்கே சந்தேகம். இதைப் பையில வெச்சுண்டு பாக்கறவா எல்லார்கிட்டயும் நீட்டி அபிப்பிராயம் கேக்கறேளே, இது காசா, இல்லே கல்யாணம் ஆகாத பொண்ணோட ஜாதகமா?"

பொன்னுருக்கு

செல்வரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர், கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நகரத்தின் வில்லரே பேட்டையில் மூன்றாம் மாடியில் அக்கா மகேஸ்வரியோடு இருந்தார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஊரிலிருந்து அப்பா அம்மா வர முடியாத நிலை. ஒரு நாள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் முன்னால் ஒரு தங்கக் காசை உருக்கி, அந்தப் பொன்னில் தாலி செய்வார்கள்.

"ஊரிலை எண்டால் ஆசாரி வருவார். இஞ்சை ஆசாரிக்கு நான் எங்கை போறது?" என்றார் மகேஸ்வரி அக்கா. "நீங்கள்தானே அண்ணை நாள் முழுக்க உலோகம் உருக்கிறியள். நீங்கள்தான் தம்பிக்கு உருக்கித் தரவேணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. லூசியேன் கடையில் நானே பொறுக்கி ஓர் இங்கிலீஷ் பவுன் எடுத்துக் கொடுத்தேன். சடங்கு நாளன்று மூசை என்கிற சின்ன மண் கிண்ணம், வெங்காரம், கேஸ் டார்ச், இடுக்கி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அந்த மூன்று மாடி வெளிப்படிக்கட்டையும் ஏறினேன். சட்டைப் பையில் வழக்கம்போல் உறை. கூடத்தில் பதினைந்து பேர். தட்டில் வெற்றிலை, தேங்காய், பூ, நடுவில் பவுன். நல்ல நேரம் தொடங்க இன்னும் கொஞ்சம் இருந்தது. பதினைந்து பேர், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், தங்கக் காசைப் பற்றிய சடங்கு. நீங்களே சொல்லுங்கள், என் நிலையில் வேறு யார்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? உறையைப் பிரித்தேன். காசு கைக்குக் கை போயிற்று. நான் கலிபோர்னியாவில் இருந்தேன்.

அதே நேரத்தில், எல்லாரும் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகத் தட்டும் சுற்றி வந்தது. என் காசு கடைசியாகப் போய்ச்சேர்ந்தது காது சற்று மந்தமான ஒரு முதிய வாத்தியாரிடம். என் பிரசங்கத்தில் ஒரு சொல் அவருக்கு எட்டவில்லை. கையில் தங்கக் காசு, முன்னால் தாம்பூலத் தட்டு. அவர் செய்ததில் என்ன தப்பு? கண்ணில் ஒற்றி, வெற்றிலை மேல் வைத்துவிட்டார். தட்டு அக்காவிடம் திரும்பியது. இரண்டு காசைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

"இதுக்குத்தானே அண்ணை இவ்வளவு நேரமும் இந்தக் காசின்ரை கதையைச் சொன்னனீங்கள்? நான் விளங்காமல் இருந்திட்டன். அப்பா அம்மா இல்லாமல் தம்பியின்ரை பொன்னுருக்கு நடக்குதே எண்டு காலமை முழுக்க அழுதனான். நீங்கள் உங்கடை காசையே வைச்சிட்டியள்." பவுனை எடுத்துச் செல்வரட்ணத்தின் கையில் கொடுத்தார். "இது பேந்து மோதிரத்துக்கு இருக்கட்டும். தாலி அண்ணையின்ரை காசிலைதான்."

"இல்ல அக்கா... அது வந்து..." என்றேன். எதிரே விசாலம் உட்கார்ந்திருந்தாள். "சொல்லிடுங்க" என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. செல்வரட்ணம் எழுந்து வந்து என் காலைத் தொட்டார். நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் என்று யாரோ சொன்னார்கள்.

நான் பெரிய தியாகி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் அந்தக் காசைக் கொடுக்கவில்லை. திரும்பக் கேட்கத் துணிச்சல் இல்லாமல் நின்றேன், அவ்வளவுதான். எனக்குள்ளே இருந்த சோதனைக்கூடக்காரன் மட்டும் ஒரு மூலையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான், பாவி. காசை மூசையில் வைத்தேன், வெங்காரம் தூவினேன், டார்ச்சைப் பற்றவைத்தேன். தேவாரம் தொடங்கினார்கள். முதலில் போனது தட்டாரின் பெயர், எழுத்து எழுத்தாக. பிறகு ஓரம் மழுங்கியது. பிறகு தளதளவென்று இளகி ஒரே ஒரு சிவந்த மணியாகத் திரண்டது. நான் வெங்காரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வருமா? வரவில்லை. ஆறும்போது நீலம்? அதுவும் இல்லை. கண்ணாடி மாதிரி, தண்ணீர் மாதிரி, அப்படியே தெளிவாக நின்றது.

"அசல்!" என்று கத்தினேன். தேவாரம் நின்றுவிட்டது. "சுத்தமான அசல்!" என்று இன்னொரு தரமும் கத்தினேன். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட முடியாமல் இரண்டு கையிலும் இடுக்கியும் டார்ச்சும். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. இரண்டும் ஒரே கொதியில் கொதித்தன. மகேஸ்வரி அக்கா தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அழாதேங்கோ அண்ணை. நாங்கள் மாப்பிள்ளை வீட்டார். அழுறது பொம்பிளை வீட்டாற்றை வேலை."

நிலை

வீட்டுக்குச் சுரங்க ரயிலான மெத்ரோவில் திரும்பினோம். என் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. விசாலம் வழக்கமான குத்தலை விட்டுவிட்டாள். இறங்குகிற இடம் வந்ததும், "நல்ல காரியம்தான் பண்ணீங்க, தெரியாம பண்ணாலும்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அடுத்த சனிக்கிழமை லூசியேனிடம் நடந்ததைச் சொன்னேன். வெங்காரம் தெளிவாக நின்ற கட்டம் வந்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "உலகத்தில் மிச்சம் இருக்கிற நாலைந்து பேருடைய காசுக்கு இன்றைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. உனக்கு நன்றிக் கடிதம்கூட எழுத மாட்டார்கள்" என்றார். அப்புறம் மேஜையைத் திறந்து ஓர் அட்டைச் சீட்டை எடுத்தார். கடையில் ஒவ்வொரு காசுக்கும் அடியில் அந்த மாதிரி ஒரு சீட்டு இருக்கும்: என்ன காசு, எந்த ஊர், தேய்ந்ததா புதிதா என்று நிலை. உருகின தங்கம் இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டார். தாலியாகப் போகிறது என்றேன், தாலி என்றால் என்ன என்றும் சொன்னேன். பேனாவை மைக்கூட்டில் தொட்டுக்கொண்டு நிதானமாக எழுதி, ஊதி ஆறவைத்து, கண்ணாடிக்குள் காலி இடத்தில் வைத்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார்: "கலிபோர்னியா, பத்து டாலர், தனியார் அடித்தது. அசல். நிலை: மணமானது."

இத்தனை வருஷம் காசு சேர்த்ததில் கடைசியில் எனக்குச் சேர்ந்தது, விருந்துக்குப் போகிற இடத்தில் எல்லாம் அடுத்தவர் மனைவியின் கழுத்தையே உற்றுப் பார்க்கிற ஆள் என்கிற கெட்ட பெயர் ஒன்றுதான்.